'சென்றான்' என்பதும் 'வென்ட்' என்பதும்

'போ' என்னும் பொருளுடைய ஆங்கில வினை 'கோ' ஆகும். அதன் இறந்தகாலம் 'வென்ட்'. பகுதிக்கும் இறந்தகால வடிவிற்கும் ஓரொலியேனும் ஒவ்வாமை கற்போர்க்கு வியப்பளிப்பது. நம் மாணவருட் சிலர், 'சென்று', 'வென்ட்' என்பவற்றின் ஓசையொப்புமை கண்டு, இவை ஒரு மூலத்தன எனத் துணிகின்றனர். யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. அத்துணிபு பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'கான்' என நின்றது. அதன் இறந்தகாலம் 'ஏயொடெ'. அதுவும் வேறொரு வேரினதே. 'வென்ட்' என்பதோ அக்காலத்தில் இவ்வினைக்கு உரியதன்று. 'வெண்டன்' என்னும் தனிவினையின் இறந்தகாலத்தினின்று வந்தது. சுழலுதல், முறுக்குதல் எனப் பொருள்படும் 'விண்டன்' என்பதன் பிறவினையே 'வெண்டன்'. ஆகவே திருப்புதல் என்பதே அதன் முதற்பொருள். தன்னைத் திருப்புதல், ஒரு திசை நோக்கித் திரும்புதல், அத்திசையிற் செல்லுதல் எனப் பொருள் படிப்படியே விரிந்தது. 1400-இல் மறைந்த சாசர், தம் காந்தர்பரிக் கதைகளின் முன்னுரையில் யாத்திரிகர் செலவைக் குறிக்க இவ்வினையை ஆண்டுள்ளார்.

15-ஆம் நூற்றாண்டளவில் 'ஏயொடெ' வழிவந்த வடிவுகள் பொதுவழக்கில் அருக, அவ்விடத்தை 'வென்ட்' கொண்டது. ஸ்காத்லாந்து வழக்கோ இரவல் கொள்ளாது, தன் பகுதியினின்றே 'கேட்' என்னும் இறந்தகாலத்தை ஆக்கிக்கொண்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த பழவினை, 'வெண்டு' என இன்று பெரிதும் 'வழிக்கொள்ளுதல்' என்னும் பொருள்தரும் இலக்கியத் தொடரில் மட்டுமே எஞ்சியுள்ளது. அதற்கு 'வெண்டெட்' எனப் புதியதோர் இறந்தகாலமும் தோன்றிற்று.

இனி, 'சென்றான்' என்பது செல்+ற்+ஆன் எனப் பிரியும். நில், கொல் என்பன நின்றான், கொன்றான் என வருதல்போல, ஈண்டும் பகுதியின் லகரம் னகரமாய்த் திரிந்தது. றகரம் காலங்காட்டும் இடைநிலை. 'வென்ட்' என்பதிலோ மூக்கொலி திரிபன்று, வேரிலேயே உள்ளது. அதனை அடுத்த மெல்லோசை டகரமும் வேரினதே. அஃது இறந்தகால விகுதியோடு கலந்து வல்லோசை பெற்றது. 'செண்டு' என்பது 'சென்ட்' எனவும், 'லெண்டு' என்பது 'லென்ட்' எனவும் ஆதல் இதற்கு இனம். முதலெழுத்தும் ஒவ்வாது. ஓசையே சான்றாயின், 'வென்றான்' என்பதன்றோ இன்னும் நெருங்கியது! பொருள் தடுத்தலின் அதனை எவரும் கொள்ளார். எனவே 'சென்று', 'வென்ட்' என்பவற்றின் ஒப்புமை தற்செயலாய் அமைந்ததே.

உண்மை ஒப்புமை பிறிதோரிடத்து உளது. அலைதலைக் குறிக்கும் 'வாண்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் மேற்கூறிய முறுக்குதற்பொருள் வேரினின்றே பிறந்தது. தமிழிலும் கயிறு திரித்தல், ஊர்தோறும் திரிதல் என, முறுக்குதலும் அலைதலும் 'திரி' என்னும் ஒரே பகுதியால் உணர்த்தப்படுகின்றன. ஒலியால் உறவில்லாத இருமொழிகள் பொருள் வளர்ச்சியில் ஒரே நெறியிற் சென்றுள்ளன. இது மொழிகளின் இனவுறவைக் காட்டுவதன்று. மாந்தர் கருத்து இயங்கும் முறையைக் காட்டுவது. ஓசையை மட்டும் நோக்கின் இவ்வொப்புமை புலப்படாது. சொல்லின் வரலாறும் உறுப்பும் ஆராய்ந்த பின்னரே ஒப்பிடத் தொடங்குதல் வேண்டும்.