மனத்துன்பமும் உடல்நோவும்

நம் பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. யாராவது மனம் குழம்பிப் பேசினால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பார்கள். 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு இன்று 'பகாகியா' என்று பெயர். மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். இருந்தும், அந்தக் கேலிக்கு அஞ்சி நாம் மனத்துன்பத்தை வெளியில் சொல்வதில்லை.

சொல்லாத துன்பம் எங்கே போகும்? பெரும்பாலும் உடம்புக்குத்தான் போகும். தோட்டம் விற்கப்பட்டபின் லயத்தை விட்டு ஈப்போவின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு கனக்கிறது, தூக்கமில்லை, பெருமூச்சு வருகிறது. மருத்துவரோ இருதயத்தில் குறையில்லை என்கிறார். அப்படியானால் வலி பொய்யா? இல்லை.

பால்வெட்டப் போனவர் பாம்பைக் கண்டால் இருதயம் படபடக்கிறது, மூச்சு குறுகுகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. பாம்பு போனதும் உடல் தளர்ந்துவிடும். ஆனால், கடனும் குடும்பச் சண்டையும் தனிமையும் நாள்தோறும் தொடர்பவை. ஆகவே இறுக்கமும் உடலில் தங்கிவிடுகிறது. பிராய்டின் மாணவரான வில்ஹெல்ம் ரைக் 1930களில் இதனைத் தசைக் கவசம் என்றார். அவருடைய பிற்காலக் கொள்கைகளை அறிவியல் ஏற்கவில்லை. எனினும், உடல்வழி உளச்சிகிச்சை என்னும் துறை அவருடைய இந்தக் கருத்திலிருந்தே வளர்ந்தது.

இத்துறைக்குப் பயிற்சி பெறுவோர் பல ஆண்டுகள் படிக்கிறார்கள். பிறர் மூச்சையும் குரலையும் அமர்ந்திருக்கும் நிலையையும் கவனிக்கப் பழகுகிறார்கள். முதலில் தாங்களே ஒரு சிகிச்சையாளரிடம் அமர்ந்து தம் மனத்தை அறிகிறார்கள். பின்னர் மூத்தவர் மேற்பார்வையில் பணி செய்கிறார்கள். வந்தவரின் சம்மதமின்றி அவரைத் தொடக்கூடாது என்பதும், அவர் சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் கண்டிப்பான விதிகள். நம்பத்தக்க உறவு அமைந்தால்தான் உடல் தளரும்.

தமிழரிடையே இதற்கு நெருங்கிய பணியைச் செய்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரில் நொந்தவர்கள் பலர் உடல்நோவையே சொல்லி வந்ததை அவர் கண்டார். மூச்சுப் பயிற்சி, உடல் தளர்த்தல், அவரவர் சமயத்துக்கேற்ற செபம் ஆகியவற்றைச் சிகிச்சையில் சேர்த்தார். ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் துன்பப்பட்டோருக்கு உதவப் பயிற்சி பெற்றார்கள்.

நம் நாட்டில், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே, மனக்குறையை நீக்குவதாகக் கூறிப் பணமோ தனிமையோ கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதலில் பதிவை விசாரியுங்கள்.

உடல்நோவு இருந்தால் முதலில் அரசாங்க மருந்தகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். உடலில் குறையில்லை என்றால், மனத்துன்பத்தையும் அதே மருத்துவரிடம் சொல்லலாம். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணிலும் பேசலாம்.

வீட்டில் ஒருவர் "நெஞ்சு கனக்குது" என்றால், "ஒன்றுமில்லை, சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை.