எரிச்சல் நின்னா குணமாயிடுச்சா?

"ராத்திரி படுத்தா ரெண்டு பாதமும் திகுதிகுன்னு எரியுது, போர்வை பட்டாலே வலிக்குது." சர்க்கரை உள்ளவர்கள் பலர் சொல்வது இது. இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று வலி, இன்னொன்று நரம்பு பழுதாவது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறதுலதான் ஆபத்து.

முதலில் வலி. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பிழைகள்தான் உடம்பிலேயே நீளமானவை. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலா இருந்தா, அந்த இழைகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமானதுதான் முதலில் அடிபடும். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. கெட்டுப்போன நரம்பு, காலில் காயமே இல்லாதபோதும் மூளைக்கு 'வலி' என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

காயமோ வீக்கமோ இல்லாத வலி என்பதால், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. அடிக்கடி போட்டால் கிட்னிக்குத்தான் கேடு. டாக்டர் எழுதுவது ப்ரீகாபலின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்றவை. "இது வலிப்புக்கு, மனச்சோர்வுக்குத் தர்ற மருந்தாச்சே"ன்னு பயப்பட வேண்டாம். நரம்பு அனுப்பும் பொய்த் தகவலை அடக்குவதுதான் இங்கே அவற்றின் வேலை. பிரிட்டனில் 130 பேரிடம் நடந்து 2022-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், இந்த மூன்றில் எதில் தொடங்கினாலும், போதாதபோது இன்னொன்றைச் சேர்த்ததில், 10-க்கு 6.6 என்றிருந்த வலி சராசரியாக 3.3-க்கு இறங்கியது. அதாவது பாதி. பூஜ்யம் அல்ல. தூக்கம், தலைசுற்றல் வரலாம்; குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். நீங்களாகத் திடீர்னு நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அந்தக் குறைபாடும் இதே எரிச்சலையும் மதமதப்பையும் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

இனி இரண்டாவது விஷயம். மேலே சொன்ன மூன்று மாத்திரைகளும் வலியைக் குறைக்கும்; நரம்பைச் சரிசெய்யாது. மேலும் கெடாமல் தடுக்கும் வழி சர்க்கரைக் கட்டுப்பாடுதான். சில சமயம் எரிச்சல் தானாகவே நிற்கும். "அப்பாடா"ன்னு இருக்கும். ஆனால் நரம்பு முழுசா மரத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும்!

வலி இல்லாத கால் என்ன ஆகும் என்பதை வேலூரில்தான் தெளிவாகப் பார்த்தார்கள். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து, பிறகு தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். விரல்களை நோய் நேராக அரித்துத் தின்பதில்லை; உணர்ச்சி போனதால் கவனிக்காமல் விட்ட சூடும் வெட்டும் புண்ணும்தான் விரல்களைப் பறிக்கின்றன என்று காட்டினார். பிறகு அமெரிக்கா போனவர், சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் அதே பாடத்தைப் பொருத்தினார். தொழுநோயாளிகளுக்குத் தந்த எம்.சி.ஆர். செருப்பை இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதிக் கொடுப்பது இதனால்தான்.

ஆகவே எரிச்சல் இருந்தாலும் நின்னாலும்:

• தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
• செருப்பு, ஷூ போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள்.
• எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.
• வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம்.
• கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள்.
• வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலி வரட்டும், அப்புறம் போகலாம்னு காத்திருக்காதீங்க. அந்தக் காலுக்கு வலி வராமலே போகலாம்.