"கொஞ்சம் சிக்கல்" என்றார் தளபதி: நாடுகள் மேல் குத்தப்படும் முத்திரைகள்

ஒரு சின்ன விஷயத்தோட ஆரம்பிக்கலாம். ஒரு விருந்துக்குப் போறீங்க. நடுவுல போரடிக்குது. வீட்டுக்காரர்கிட்ட "போயிட்டு வரேன்"னு சொல்லாம நைசா நழுவிடறீங்க. இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: 'ஃப்ரெஞ்ச் லீவ்'. பிரெஞ்சுக்காரர் மாதிரி கிளம்புவது என்று அர்த்தம். சரி, பிரான்ஸில் இதே செயலை எப்படிச் சொல்கிறார்கள்? 'ஆங்கிலேயர் மாதிரி நழுவுவது'! இத்தாலிக்காரர்களுக்கும் இது ஆங்கிலேயர் பழக்கம்தான்.

பழைய காலத்தில் ஐரோப்பாவில் சிஃபிலிஸ் நோய் பரவியபோதும் இதே கதை நடந்தது. இங்கிலாந்தில் அதற்கு 'பிரெஞ்சு நோய்' என்று பெயர். பிரான்ஸில் 'நேப்பிள்ஸ் நோய்'. கெட்ட பழக்கமானாலும் சரி, கெட்ட வியாதியானாலும் சரி, எப்பவும் பக்கத்து ஊர்லேர்ந்துதான் வருது.

அமெரிக்கர்கள் வாயாடிகள், மேலோட்டமானவர்கள். பிரிட்டிஷ்காரர்கள் அழுத்தக்காரர்கள். ஜெர்மானியர்கள் சிடுசிடுப்பானவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள், சண்டை என்றால் ஓடிவிடுவார்கள். இந்த மாதிரி முத்திரைகளை நாம சினிமாலயும் மீம்லயும் நிறைய பார்த்திருக்கோம். சிரிச்சுட்டுப் போயிடறோம். ஆனால் இவை எப்படி உருவாகின்றன என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், பல இடங்களில் ஒரே தவறு தெரிகிறது. எதிராளியின் வழக்கத்தை நாம் அவருடைய குணமாக எடுத்துக்கொள்கிறோம். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதைத்தான் இந்த எபிசோடில் பேசப் போகிறேன்.

முதல் சம்பவம், கொரியப் போர். 1951 ஏப்ரல் மாதம். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் 29-வது படைப்பிரிவு நிற்கிறது. பிரிவின் தளபதி பிரிகேடியர் டாம் பிரோடி. அவருக்கு மேலதிகாரி ஒரு அமெரிக்கர், மேஜர் ஜெனரல் ராபர்ட் சோல். ஏப்ரல் 22-ஆம் தேதி இரவு சீனப் படை பெரும் எண்ணிக்கையில் ஆற்றைக் கடந்து வருகிறது. பிரிட்டனின் க்ளஸ்டர்ஷைர் படையணியைச் சேர்ந்த ஒரு பட்டாலியன், சுமார் 650 பேர், சுற்றி வளைக்கப்படுகிறார்கள்.

நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்கிறார். பிரோடி சொன்ன பதில் பிரசித்தம்: "திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி, சார்." தமிழில் சொன்னால், "கொஞ்சம் சிக்கலா இருக்கு சார்."

ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் காதில் இது விழுந்திருந்தால், அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். அவர்கள் வழக்கத்தில் இது ஆபத்து மணி. ஆனால் அமெரிக்கக் காதுக்குக் கேட்டது வேறு. கஷ்டம்தான், ஆனால் சமாளித்துக்கொள்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. பின்வாங்க உத்தரவு உடனே வரவில்லை. 25-ஆம் தேதி காலையில், தப்பிக்க முடிந்தவர்கள் தப்பிக்கலாம் என்று சொல்லப்பட்டபோது, அந்த மலையிலிருந்து வெளியேறி வந்து சேர்ந்தவர்கள் சுமார் 40 பேர்தான். 500-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அந்த ஒற்றை வாக்கியத்தால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது மிகை. சிறிய படை, நீளமான எல்லை, எதிரில் பல மடங்கு ஆட்கள். ஆனாலும் ஒரே மொழி பேசும் இரண்டு நட்பு நாடுகளுக்கு இடையில் 'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு அளவுகோல் இருந்தது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த அளவுகோல் விஷயம் இன்றும் இருக்கிறது. 'கொயட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று பாராட்டுகிறார். அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால், பல நேரங்களில் 'ஏதோ பரவாயில்ல' என்ற அளவுதான். நம்ம ஊர் 'பரவாயில்ல' கூட அப்படித்தானே? சொல்ற குரலைப் பொறுத்து அது பாராட்டாவும் இருக்கலாம், மாமியார் கமெண்ட்டாவும் இருக்கலாம்.

இன்னொரு சொல், 'டேபிள்'. இரண்டாம் உலகப் போரைப் பற்றி சர்ச்சில் எழுதிய வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது. பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அறிக்கையை 'டேபிள்' பண்ண வேண்டும் என்கிறார்கள். அவசரமாக விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய அர்த்தம். அமெரிக்காவில் 'டேபிள்' பண்ணுவது என்றால் ஒத்திப்போடுவது! இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒத்திப்போடவே கூடாது என்று அமெரிக்கர்கள் மறுக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான். ஆனா நீண்ட நேரம் சண்டை. இது மாதிரி நேரத்தில்தான் 'இவங்க பிடிவாதக்காரங்கப்பா' என்ற முத்திரை பிறக்கிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தவர்களும் உண்டு. 1942-ல் அமெரிக்கப் போர்த்துறை, பிரிட்டனுக்குப் போகும் தன் சிப்பாய்களுக்கு ஒரு சின்னக் கையேடு கொடுத்தது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசாமல் வந்தால், அவருக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே என்று அது விளக்கியது. குட்டித் தீவில் கோடிக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள், அங்கே அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. சம்பளத்தைக் காட்டிப் பெருமையடிக்காதே என்றும் சொன்னது. பிரிட்டனில் அப்போது உணவுக்கு ரேஷன். ஜெர்மன் குண்டுவீச்சில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருந்தார்கள். அந்த மக்கள் அழுது புலம்பவில்லை என்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா?

அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். 'பிரிட்டிஷ்காரர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று சொல்லி நிறுத்தாமல், எதனால் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று காரணம் சொன்னது.

இப்ப போர்க்களத்தை விட்டுட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம். 1997-ல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் ஜெர்மனிக்குள் நுழைந்தது. வாசலில் வரவேற்க ஒருவர், பில் போடும் இடத்தில் புன்னகை, வாங்கிய சாமானைப் பையில் போட்டுக் கொடுக்க ஒருவர். அமெரிக்காவில் ஜெயித்த அதே ஃபார்முலா.

ஆனால் ஜெர்மன் கடைகளில் வாடிக்கையாளர் தன் பையைத் தானே நிரப்பிக்கொள்வார். தான் வாங்கிய காய்கறியை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து அடுக்குவது பலருக்குப் பிடிக்கவில்லை. காசாளர் காரணமில்லாமல் சிரித்தால், ஏதோ வழிகிறார் என்றுகூடச் சில ஆண்கள் நினைத்துக்கொண்டதாக அப்போது செய்திகள் வந்தன. ஊழியர்களுக்கு இடையேயான காதலைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றையும் நிறுவனம் கொண்டுவந்தது. 2005-ல் டுசல்டார்ஃபில் உள்ள தொழிலாளர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 2006-ல் வால்மார்ட் தன் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. வால்மார்ட் தோற்றது சிரிப்பால் மட்டும் கிடையாது. ஆல்டி, லிடில் மாதிரி உள்ளூர்க் கடைகள் ஏற்கெனவே மிக மலிவாக விற்றுக்கொண்டிருந்தன. அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஆனாலும் தன் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நம்பியது தோல்வியின் ஒரு பகுதி.

அப்ப, அமெரிக்கர்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறார்கள்? 2015-ல் வந்த ஒரு ஆய்வு சுவாரசியமான காரணம் ஒன்றைச் சொன்னது. கடந்த 500 ஆண்டுகளில் எத்தனை தேசங்களிலிருந்து மக்கள் வந்து ஒரு நாட்டில் குடியேறினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பல தேசத்து மக்கள் கலந்த நாடுகளில் உணர்ச்சியை முகத்தில் வெளிப்படையாகக் காட்டும் வழக்கம் அதிகமாக இருந்தது. யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்க மொழி தெரியாது. நீங்க எதிரி இல்லைன்னு எப்படிக் காட்டுவீங்க? முகத்தாலதான்.

உளவியலாளர் கர்ட் லெவின் இதை வேறு கோணத்தில் பார்த்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன யூதர் அவர். 1936-ல் இரண்டு நாட்டு மக்களையும் ஒப்பிட்டு எழுதினார். அமெரிக்கர் ஒருவரின் வெளி அடுக்குகள் எளிதில் திறக்கும், ஆனால் உள் அடுக்கு மூடியே இருக்கும். ஜெர்மானியரிடம் வெளி அடுக்கே சீக்கிரம் திறக்காது, திறந்துவிட்டால் வெகு ஆழம் வரை போகலாம். பின்னால் வந்தவர்கள் இதைப் பழங்களாக மாற்றினார்கள்: அமெரிக்கர் பீச் பழம், ஜெர்மானியர் தேங்காய். பீச்சுக்குப் பதிலா நாம மாம்பழம்னு வச்சுக்கலாம். மேலே மெத்து, உள்ளே கொட்டை.

இப்போது முத்திரை எப்படி விழுகிறது என்று பாருங்கள். அமெரிக்கர் முதல் நாளே தோளில் கை போட்டுப் பேசுகிறார். நண்பன் கிடைத்துவிட்டான் என்று ஜெர்மானியர் நினைக்கிறார். அடுத்த வாரம் அந்த அமெரிக்கருக்கு இவர் பெயர்கூட ஞாபகம் இல்லை. 'போலி!' என்று ஜெர்மானியர் முடிவு கட்டுகிறார். அந்தப் பக்கம், முதல் நாள் ஒரு சிரிப்புகூட வாங்க முடியாத அமெரிக்கர் 'சிடுமூஞ்சி!' என்கிறார். ரெண்டு பேருமே அவங்கவங்க ஊர் மரியாதைப்படி சரியாத்தான் நடந்துக்கிட்டாங்க.

ஆனால் எல்லா முத்திரையும் இப்படி அப்பாவித்தனமாகப் பிறப்பதில்லை. சிலது வேண்டுமென்றே குத்தப்படுகிறது. 2003-ல் இராக் மேல் படையெடுக்க அமெரிக்கா தயாரானது. ஆயுத ஆய்வாளர்களுக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள் என்று பிரான்ஸ் எதிர்த்தது. உடனே அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற பெயர் 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் கோழைகள் என்ற பழைய ஜோக் டிவி முழுக்க ஓடியது. முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த நாடு அது. 1781-ல் யார்க்டவுன் போரில் பிரெஞ்சுப் படையும் கப்பல்களும் கூட நிற்காமல் இருந்திருந்தால் அமெரிக்காவின் சுதந்திரமே அவ்வளவு சுலபமாக வந்திருக்காது. அதெல்லாம் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

2006-ல் சத்தமில்லாமல் பழைய பெயர் திரும்பி வந்தது. இராக்கில் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. முத்திரையின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'அவன் கோழை, அப்படித்தான் சொல்வான்' என்று சொல்லிவிட்டால், அவன் சொன்ன காரணத்துக்குப் பதிலே சொல்ல வேண்டியதில்லை.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தால் முத்திரைகள் தேறுமா? பிரிட்டிஷ்காரர்களின் பல் மோசம் என்பது அமெரிக்கர்களுக்கு ரொம்பப் பிடித்த ஜோக். 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒப்பீட்டில், இழந்த பற்களின் சராசரி இங்கிலாந்தில் 6.97, அமெரிக்காவில் 7.31. வெள்ளை வெளேர் என்று வரிசையாக இருப்பது வேறு, வாயில் பல் இருப்பது வேறு.

2005-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. 49 கலாசாரங்களில், 'உங்க நாட்டுக்காரர் பொதுவா எப்படி?' என்று கேட்டார்கள். வந்த பதிலை, தனிமனிதர்களின் ஆளுமையை அளந்து கிடைத்த சராசரியோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. கனடாக்காரர்கள் தங்களைச் சாதுவானவர்கள் என்று நினைத்தார்கள், அமெரிக்கர்கள் தங்களையே கொஞ்சம் முரட்டு ஆட்களாக நினைத்தார்கள். அளந்து பார்த்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்ப எல்லா நாட்டுக்காரங்களும் ஒரே மாதிரியா? அப்படியும் இல்லை. பேச்சு வழக்கம், கடை வழக்கம், நட்பு வழக்கம் எல்லாம் நிஜமாகவே வேறு வேறு. வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பழகிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 'குணம்' என்று எழுதிவிட்டால் ஃபைலை மூடியாச்சு.

இதைக் கேட்கிற உங்களில் பலர் நாளைக்குக் காலையிலோ ராத்திரியிலோ வெளிநாட்டு கிளையண்ட்டோடு காலில் உட்காரப் போறீங்க. லண்டன்காரர் "நாட் பேட்" என்பார். டெக்சாஸ்காரர் "ஆசம்!" என்பார். மியூனிக்காரர் எதுவும் சொல்லாமல் நேரே மூன்றாவது ஸ்லைடில் உள்ள தப்பைக் காட்டுவார். மூன்று பேருக்கும் உங்க வேலை ஒரே அளவு பிடித்திருக்கலாம். அதனால் பாராட்டுச் சொல்லை வைத்து அளக்காதீங்க. "இதை இப்படியே அனுப்பிடலாமா? எதையாவது மாத்தணுமா? எந்தத் தேதிக்குள்ள?"ன்னு கேளுங்க. இம்ஜின் ஆற்றங்கரையிலிருந்து "கொஞ்சம் சிக்கல்" என்று தகவல் வந்தபோது, "இன்னும் எத்தனை மணி நேரம் தாங்குவீங்க?" என்று ஒரு கேள்வி போயிருக்கலாம்.

உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஒரு சொல் ரெண்டு அர்த்தத்தில் போய் மாட்டிக்கிட்ட கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.