கூடி நுகரும் கல்வி

நுழையும்முன்

நூலைத் தனியே படிக்கலாம். ஆனால், படித்ததன் பயன் தனிமையில் நிறைவுறுவதில்லை. ஒருவர் கண்ட நயத்தை மற்றவர் கேட்கும்போதும், ஒருவர் கொண்ட கருத்தை மற்றவர் மறுக்கும்போதும் நூல் மீண்டும் ஒருமுறை திறக்கப்படுகிறது. தமிழர் இதனைக் கல்வியின் ஒரு பகுதியாகவே போற்றி வந்துள்ளனர்.

கற்றலில் பாதி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறுவதற்கு முன்னர்க் கற்கும் முறையைப் பாயிரத்தில் விளக்குகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிய மாணவரும் புலமையில் கால் பங்கையே பெறுவர். உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய இரு கால் பங்கும் தாம் கற்றதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அந்நூலின் கருத்து. அதாவது, முக்கால் பங்கு கல்வி பிறரோடு பேசுவதிலும் பகிர்வதிலும் அமைந்துள்ளது.

எடுத்துரைக்க முற்படும்போதுதான் நமக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது புலப்படும். ‘நூல் நன்றாக இருந்தது’ என்று கூறியவரிடம், ‘எவ்விடத்தில்?’ என்று ஒருவர் வினவினால், அவர் மீண்டும் நூலிடம் செல்லவேண்டும். அங்ஙனம் செல்வதே இரண்டாம் வாசிப்பின் தொடக்கமாகும்.

வட்டத்தொட்டி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இம்மரபுக்குப் புத்துயிர் அளித்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். டி.கே.சி. என அழைக்கப்பெற்ற இவர் சட்டம் பயின்றவர். திருநெல்வேலியில் இவரது இல்லத்துத் தொட்டிக்கட்டில் இலக்கிய அன்பர்கள் கூடினர். அவ்வவைக்கு ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

அங்கு மேடை இல்லை. பட்டம் பெற்ற புலவர்க்கே இடம் என்னும் வரையறையும் இல்லை. பாடலைக் கேட்டு மகிழும் உள்ளம் உடையவரே அவ்வவைக்கு உரியவர். டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் பொருள் கூற விரைவதில்லை. பாடலை நிறுத்திப் படிப்பார், மீண்டும் படிப்பார், உணர்ச்சி தங்கியிருக்கும் சொல்லில் சற்றே நிற்பார். அருஞ்சொற்பொருள் அறியாதவரும் பாடலின் உயிரை உணர்ந்துகொள்வர். இராஜாஜி, கல்கி முதலியோர் அவருடைய நெருங்கிய நண்பர்களாக விளங்கினர். அவர் பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அன்பர்கள் அவரைத் தேடிச் சென்றனர். நேரில் காண இயலாத நண்பர்களோடு கடிதங்கள் வாயிலாகக் கவிதை குறித்து உரையாடினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களைப் பலரும் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒருவரின் சுவை பலரின் சுவையாக வளர்ந்தமைக்கு இது சான்றாகும்.

சுவையும் சான்றும்

கருத்துப் பகிர்வு எப்போதும் உடன்பாட்டில் முடிவதில்லை. கம்பராமாயணத்தில் டி.கே.சி. பேரீடுபாடு கொண்டவர். ஆயினும், இன்று கம்பர் பெயரால் வழங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுள் பல, பிறரால் இடையில் சேர்க்கப்பட்டவை என்று அவர் கருதினார். கம்பரின் கவிதைப் பண்பு இல்லை எனத் தமக்குத் தோன்றிய பாடல்களை விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார்.

அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. ‘ஒருவருடைய சுவைக்கு ஒவ்வாமையே ஒரு பாடலை விலக்கப் போதிய காரணமாகுமா? ஏட்டுச்சுவடிகளின் சான்று வேண்டாவா?’ என்பது அவர்தம் வினா. அதே காலத்தில் வாழ்ந்த ச. வையாபுரிப்பிள்ளை, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் நெறியைப் போற்றிய பதிப்பாசிரியர் ஆவார்.

இவ்விரு நெறிகளுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிடுதல் தகாது. சுவை இல்லையேல் கவிதை வெறும் ஏடாகிவிடும். சான்று இல்லையேல் சுவை தன் விருப்பையே நூலாசிரியரின் விருப்பமாகக் கொண்டுவிடும். நூலைப் பற்றிக் கருத்துரைப்போர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை இது.

ஒரு கதை, இரு கருத்துகள்

இவ்வுண்மையைப் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையில் பொருத்திக் காணலாம். இராமன் திருவடிபட்டுக் கல்லுருவம் நீங்கிய அகலிகையின் பிற்கால வாழ்வை அக்கதை கூறுகிறது. சீதை தீக்குளித்த செய்தியைச் சீதையின் வாயாலேயே கேட்ட அகலிகை, இறுதியில் மீண்டும் கல்லாகிறாள்.

இக்கதையைப் படித்த மாணவர் இருவரைக் கருதுவோம். ‘பழங்காப்பியத்தின் முடிவை மாற்ற எழுத்தாளருக்கு உரிமை இல்லை’ என்கிறார் ஒருவர். ‘தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்னும் அகலிகையின் வேதனை நியாயமானது’ என்கிறார் மற்றவர். இருவரும் தத்தம் நிலையிலேயே நின்றால் அது வழக்காகும். முதலாமவர், அகலிகையின் மனநிலையை ஆசிரியர் படிப்படியாக எவ்வாறு அமைத்துள்ளார் என்பதைக் கதையில் காண வேண்டும். இரண்டாமவர், காப்பியம் அகலிகையை எவ்வாறு படைத்துள்ளது என்பதைக் கம்பரிடம் சென்று கற்க வேண்டும். அப்போது உரையாடல் நிகழும். முடிவில் இருவரும் தத்தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால், இருவரும் முன்னிலும் நன்கு படித்தவராவர்.

கருத்துரைக்கும் முறை

நூல் குறித்துப் பேசுவோர் முதலில் அந்நூல் கூறுவதைத் திரிபின்றிச் சொல்லுதல் வேண்டும். அடுத்து, தமக்குப் பிடித்தது அல்லது பிடிக்காதது எது என்பதைக் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டி உரைத்தல் வேண்டும். மூன்றாவதாக, மாற்றுக் கருத்தை இடைமறிக்காமல் கேட்டல் வேண்டும். நன்னூல், நூலுக்குரிய எழுவகை மதங்களுள் உடன்படுதலையும் மறுத்தலையும் ஒருங்கே வைத்து எண்ணுகிறது. எனவே, மறுப்பு பகைமை அன்று. அறிவுநெறியின் ஒரு கூறேயாகும்.

படிக்காத நூலைப் பற்றிக் கேள்வியறிவால் கருத்துக் கூறுதலும், பலரும் புகழ்கின்றனர் என்பதற்காகத் தாமும் புகழ்தலும் தவிர்க்கத்தக்கவை. ‘எனக்கு இப்பகுதி விளங்கவில்லை’ என்று ஒப்புக்கொள்வதும் மதிப்புமிக்க கருத்தே. அவையில் வேறொருவருக்கு அப்பகுதி விளங்கியிருக்கக்கூடும்.

வட்டத்தொட்டி கூடுவதற்குப் பெரிய மண்டபம் தேவைப்படவில்லை. ஒரு முற்றமும் ஒரு பாடலும் கேட்க விரும்பும் சிலருமே போதுமானவையாக இருந்தன. பள்ளி நூலகத்தின் ஒரு மேசையைச் சுற்றி, ஒரே நூலைப் படித்த நால்வர் அமர்ந்தால், நன்னூல் கூறிய எஞ்சிய முக்கால் பங்கு கல்வி அங்கே தொடங்கும்.