19 அங்குல டயர் 20 அங்குல விளிம்பில் ஏறுவது எப்படி?

டயர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? மெக்கானிக் சக்கரத்தைத் தரையில் கிடத்துகிறார். இரண்டு இரும்பு லீவர்களைக் கொண்டு சில நிமிடங்களில் டயரை ரிம்மில் ஏற்றிவிடுகிறார். அவருக்குக் கை கொடுப்பது ஒரு சின்னக் கணக்கு. அதை நாமும் போட்டுப் பார்ப்போமா?

பழைய 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக் கொள்வோம். 1955இல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய வண்டி இது. அதன் டயரில் 3.25–19 என்று பொறித்திருக்கும். 3.25 என்பது டயரின் அகலம். 19 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு.

புதிர் இதுதான்

டயரின் உள்ளோரத்தைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும். உள்ளே எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. இந்த ஓரத்திற்குப் பீடு என்று பெயர். அது ரப்பரைப் போல நீளாது, நீளவும் கூடாது. ஆனால் ரிம்மின் விளிம்போ, டயர் உட்காரும் இடத்தைவிட ஏறக்குறைய அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. எனவே விளிம்பின் குறுக்களவு சுமார் 20 அங்குலம். நீளாத 19 அங்குல வளையம் அதை எப்படித் தாண்டும்?

வளையல் போடுவதை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைப் பள்ளத்திற்குள் மடக்கினால் வளையல் ஏறிவிடுகிறது. ரிம்மின் நடுவிலும் ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடுகிறது. பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் இடம் கிடைக்கும்.

கணக்கு எளிது. விளிம்பின் ஆரம் 10 அங்குலம். பீடின் ஒரு பக்கம் அதைத் தாண்ட வேண்டுமானால், எதிர்ப்பக்கம் மையத்திலிருந்து 19 – 10 = 9 அங்குலத்தில் இருக்க வேண்டும். வழக்கமாக அது உட்காரும் இடம் 9.5 அங்குலம். ஆகவே அரை அங்குலத்திற்குச் சற்று மேல் ஆழமான பள்ளம் இருந்தால் போதும்!

கம்பி வைத்த ஓரத்திற்கு 1890இல் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர். டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் 1920களின் பிற்பகுதி வரை பல மோட்டார் சைக்கிள்களில் வேறு வகை டயரே இருந்தது. அதன் ரப்பர் ஓரம் ரிம்மின் வளைந்த உதட்டில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். காற்றழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்தது. காற்று குறைந்தால் டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு. அத்தகைய ரிம்மிற்கு இன்றைய கம்பி டயர் பொருந்தாது. மிகப் பழைய வண்டி என்றால் முதலில் ரிம்மைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம்

1. ரிம்மின் துருவைத் தேய்த்தெடுத்து, ஸ்போக் முனைகளின்மேல் ரப்பர் நாடாவைச் சுற்றுகிறார்கள். இல்லையேல் ஸ்போக் முனை ட்யூபைக் குத்திவிடும்.

2. புது டயரை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் ரப்பர் இளகி, வேலை சுலபமாகும்.

3. ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து வைக்கிறார்கள். காற்றில்லாத ட்யூப் மடங்கி, லீவரின் வாயில் சிக்கிக்கொள்ளும்.

4. பீடின்மேல் சோப்பு நீர் தடவுகிறார்கள். ஏறும்போது உராய்வு குறைகிறது. காய்ந்தபின் உராய்வு திரும்பி வருகிறது. எண்ணெய் காயாது, ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கினால் ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும்.

5. வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வின் அருகே முடிக்கிறார்கள். ஏன்? வால்வின் தடித்த அடிப்பகுதி அங்கே பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கடைசிப் பகுதி ஏறும்போது பள்ளம் தேவைப்படுவது எதிர்ப்புறத்தில் அல்லவா?

6. ஓரளவு காற்றடித்து, விட்டு, மீண்டும் அடிக்கிறார்கள். ட்யூபின் சுருக்கங்கள் நீங்கிவிடும். டயரின் பக்கத்திலுள்ள மெல்லிய வளையக்கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது.

பலம் ஆபத்து

30 செ.மீ. லீவரின் நுனியிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் தாங்குபுள்ளி இருந்தால், உங்கள் விசை 9 மடங்காகும். 10 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் நுனியில் 90 கிலோ! அது பீடின் கம்பியைச் சிதைக்கும், ட்யூபைக் கிழிக்கும். சேதம் வெளியே தெரியாது. வேகமாக ஓடும்போதுதான் தெரியவரும். எனவே லீவர் கடினமாக இருந்தால் இன்னும் பலமாக அழுத்தக் கூடாது. எதிர்ப்புறப் பீடு பள்ளத்திலிருந்து ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிகம் ஓடாததால் டயரின் பொத்தான்கள் புதிதுபோல் இருக்கும். ஆனால் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை ஓயாமல் தாக்குகின்றன. பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். 2000ஆம் ஆண்டு முதல் டயர்களில் நான்கு இலக்கத் தேதி பொறிக்கப்படுகிறது. 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். உங்கள் வீட்டு வண்டியின் டயருக்கு வயது என்ன? இன்றே பாருங்கள்.

செய்து பாருங்கள்

அட்டையில் ஒரே மையத்தில் 10 செ.மீ., 9 செ.மீ. ஆரமுள்ள இரு வட்டங்களை வரையுங்கள். கம்பியை வளைத்து 19 செ.மீ. விட்டமுள்ள வளையம் செய்து அதன்மேல் வையுங்கள். வளையத்தின் ஒரு பக்கம் சிறிய வட்டத்தைத் தொடும்வரை நகர்த்துங்கள். எதிர்ப்பக்கம் எங்கே வந்து நிற்கிறது?