கடல் தாண்டி வரும் பல்வலி!

மார்கழி பிறந்தால் மயிலாப்பூருக்கு இரண்டு வித விருந்தாளிகள் வருவார்கள். சங்கீதக் கச்சேரி கேட்க வருகிறவர்கள் ஒரு சாரார். பல்லைச் சரி செய்துகொள்ள வருகிறவர்கள் இன்னொரு சாரார்! இரண்டையும் சேர்த்து முடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. காலையில் தியாகராய நகரில் பட்டுப் புடவை, பிற்பகல் அடையாறில் பல் டாக்டர், மாலையில் சபா. எல்லோரும் வெளிநாட்டில் குடியேறிய தமிழர்கள்தான்.

ஒரு பல்லுக்காக இவ்வளவு தூரமா? காரணம் பணம். அமெரிக்காவில் சாதாரண வைத்திய இன்ஷூரன்சில் பெரியவர்களின் பல் பெரும்பாலும் சேராது. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் அரசாங்கத் திட்டமான 'மெடிகேர்' கூடப் பெரியவர்களின் பல் வைத்தியத்தில் பெரும் பகுதியை ஏற்பதில்லை. இங்கிலாந்திலோ, அரசாங்கத் திட்டத்தில் பல் டாக்டர் கிடைப்பதே பல ஊர்களில் கஷ்டம்.

சென்னையில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் ஏற்பட்டது. பின்னர் தனியார் கல்லூரிகளும் பல வந்துவிட்டன.

அவசரம் உதவாது

வருகிறவர்களுக்கு லீவு மூன்று வாரம். உறவினர் வீடு, கோயில், கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு, விமானம் ஏற நாலு நாள் இருக்கும்போது பல் டாக்டரைத் தேடுகிறார்கள். இதுதான் தவறு. 'ரூட் கனால்' என்னும் வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கலாம். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதிப்பதை 'இம்பிளான்ட்' என்கிறார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். இந்த வருஷம் திருகு, அடுத்த வருஷம் பல் என்றுதான் பலருக்குக் கணக்குப் போட வேண்டும். திருகு எந்தக் கம்பெனியுடையது, எந்த அளவு என்று எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் அந்த ஊர் டாக்டர் அதைத் தொடவே யோசிப்பார். எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். டாக்டர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வலிக்குமா?

பணத்தை விடப் பெரிய விஷயம் பயம். வலியை நினைத்தே வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வலியை வெல்லும் வழியைத் தேடியவர்களில் பல் டாக்டர்களே முன்னோடிகள் என்பது தெரியுமா? அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் இருந்தார். 1844 டிசம்பரில் ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். அங்கே 'சிரிப்பு வாயு'வைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணரவில்லை. மறுநாளே வெல்ஸ் அந்த வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை! அடுத்த வருஷம் பாஸ்டனில் பலர் முன்னிலையில் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டான். கூட்டம் பரிகாசம் செய்தது, பாவம். 1846-ல் அவருடைய பழைய கூட்டாளி மார்ட்டன் அதே பாஸ்டனில் 'ஈதர்' கொடுத்து வெற்றி கண்டார்.

இன்று பெரும்பாலும் மயக்கமே தேவையில்லை. 1943-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்த 'லிக்னோகெய்ன்' ஊசி போட்டால் அந்த இடம் மட்டும் மரத்துவிடும். அழுத்துவது தெரியும், வலி தெரியாது. சீழ் பிடித்த பல்லில் மட்டும் ஊசி சரியாக ஏறாமல் போகலாம். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார், வேறு இடத்தில் ஊசி போடுவார். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பாட்டிமார்கள் வாய் திறப்பதே இல்லை!

அரைத் தூக்கத்தில் வைத்தியம் செய்துகொண்டு பழகிய வெளிநாட்டுத் தமிழர்கள் அதையே இங்கும் எதிர்பார்க்கிறார்கள். எல்லா இடத்திலும் அந்த வசதி இராது. முன்கூட்டியே டெலிபோனில் கேட்டுவிடலாம். நாடித் துடிப்பையும் மூச்சையும் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆக்ஸிஜனும் தயாராக இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் தூக்க மருந்துக்கு இசையக் கூடாது.

பல் எடுத்த பிறகு வரும் வலிக்குப் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனுமே போதும். ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இவற்றை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறிலே அடக்கிக்கொள்வதும் வேண்டாம். ஈறு வெந்துபோகும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

எதிர்த் திசையில் ஒரு கூட்டம்

ஆடி ஆவணியில் மேல்படிப்புக்கு விமானம் ஏறும் பிள்ளைகள் ஏராளம். ஊறுகாய், பருப்புப் பொடி, குக்கர் எல்லாம் பெட்டிக்குள் போகின்றன. வாயைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை! ஞானப்பல் முளைக்கும் வயதும் அதுதான். மாணவர்களின் இன்ஷூரன்சில் பல் பெரும்பாலும் சேருவதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே காட்டிவிட்டால், சொத்தையை அடைக்கவும், எடுக்க வேண்டிய பல்லை எடுத்துப் புண் ஆறவும் நேரம் இருக்கும்.