ப. சிங்காரம்

ப. சிங்காரம் (ஆகஸ்ட் 12, 1920 – டிசம்பர் 30, 1997) தமிழ் நாவலாசிரியர். பதினெட்டு வயதில் வட்டிக்கடை வேலைக்காக இந்தோனேசியா சென்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த எட்டாண்டு அனுபவத்திலிருந்து எழுதியவை 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரு நாவல்கள். வேறு நாவல் எதையும் அவர் வெளியிடவில்லை.

இளமையும் பயணமும்

சிங்காரம் இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள சிங்கம்புணரியில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வி சொந்த ஊரில். உயர்நிலைப் படிப்பு மதுரை செயின்ட் மேரீஸ் பள்ளியில். 1938-இல் கப்பலேறி சுமத்ரா தீவின் மேடான் நகருக்குச் சென்றார். அன்று அது டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த புகையிலைத் தோட்டப் பகுதியின் தலைநகரம். அங்கே தமிழர் நடத்திய வட்டிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

வட்டிக்கடைக்கு வேலைக்குப் போவது அந்த வட்டாரத்தில் அன்று புதிதல்ல. செட்டிநாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் படித்து முடித்த பையனைப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ சுமத்ராவுக்கோ அனுப்பிவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, திறமை இருந்தால் மேலாளாகலாம். மூன்றாண்டு ஒரு கணக்கு. அது முடிந்தால் ஊருக்கு வந்து போகலாம். கடைதான் வீடு, பகலில் கணக்குப் பெட்டி இருந்த இடத்தில் இரவில் பாய் விரியும். கடல் கடந்து போன தமிழர் என்றதும் தோட்டத் தொழிலாளர்களையே நாம் நினைக்கிறோம். கடைப் பையன்களின் தனிமையை எழுதியவர்கள் மிகக் குறைவு. சிங்காரத்தின் முதன்மையான இடம் இங்கே தொடங்குகிறது.

1940-இல் ஊருக்கு வந்தவர் மீண்டும் மேடான் சென்று அரசின் மராமத்துத் துறையில் வேலை பார்த்தார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வட சுமத்ராவில் இறங்கினர். பழைய பணம் போய், ஜப்பானியர் அச்சடித்த நோட்டு வந்தது. போர் முடிந்ததும் அந்த நோட்டு வெற்றுத் தாளாயிற்று. வட்டித் தொழிலையே நம்பி வாழ்ந்த சமூகத்துக்கு இது எத்தகைய அடி என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். சிங்காரத்தின் சொந்த இழப்பு இதனினும் பெரிது. அங்கே அவர் மணந்த பெண் பிரசவத்தில் இறந்தார்; குழந்தையும் பிழைக்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1946-இல் இந்தியா திரும்பினார்.

கடலுக்கு அப்பால்

மேடானில் இருந்தபோது படித்த ஹெமிங்வே, எழுதும் ஆசையைத் தூண்டியதாகச் சிங்காரம் கூறியிருக்கிறார். முதல் நாவலை 1950-இல் எழுதினார். வெளியிட ஆள் கிடைக்கவில்லை. பின்னர் கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959-இல்தான் நூலாயிற்று.

பினாங்கு வட்டிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போரிட்டுத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். பிள்ளை சம்மதிக்கவில்லை. பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டித் தொழிலுக்கு ஆக மாட்டான் என்பது அவர் முடிவு. கடையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கணக்கில் மகளின் விருப்பத்துக்கு இடமில்லை. கதை எளிமையானது. ஆனால் பிள்ளையை வில்லனாக்காமல், அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியிருப்பதில் ஆசிரியரின் முதிர்ச்சி தெரிகிறது.

புயலிலே ஒரு தோணி

1962-இல் எழுதப்பட்ட இந்நாவலைக் கலைஞன் பதிப்பகம் 1972-இல் வெளியிட்டது. இடையில் பத்தாண்டு காத்திருப்பு.

ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழையும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் வட்டிக்கடை உலகிலிருந்து வந்தவன். சரக்கு ஏற்றிய தொங்கானில் பினாங்குக்குப் புறப்பட்டு நடுக்கடலில் புயலில் சிக்குகிறான். தமிழ் உரைநடையில் கடற்புயலை இந்த அளவுக்கு உடலால் உணரச் செய்த பகுதி வேறு உண்டா என்பது ஐயமே. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்ததும் மலேயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் தேசிய ராணுவத்தில் சேர்ந்தது வரலாறு. பாண்டியனும் அந்த அலையில் சேர்கிறான். போருக்குப் பின் இந்தோனேசியா சென்று, டச்சுக்காரரை எதிர்த்துப் போரிடும் கெரில்லாக்களோடு இணைந்து, அங்கேயே சுடப்பட்டு இறக்கிறான்.

இடையிடையே அவன் மனம் சின்னமங்கலம் என்னும் ஊருக்கும் மதுரைத் தெருக்களுக்கும் ஓடுகிறது. சின்னமங்கலத்தில் சிங்கம்புணரியின் சாயல் உண்டு. அந்த நினைவுகளில் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை. மாணிக்கம் முதலிய நண்பர்களோடு மது அருந்திப் பேசும் இடங்களில் தமிழரின் பழம்பெருமைப் பேச்சு ஈவிரக்கமின்றிக் கிண்டலுக்கு உள்ளாகிறது. ஊரை விட்டு வெகுதூரம் போனவனால்தான் ஊரை இப்படி ஒரே சமயத்தில் ஏங்கவும் எள்ளவும் முடியும். உரையாடல்களில் மலாய்ச் சொற்கள் கலந்து வருவதும், காட்சிகள் நினைவோட்டமாகத் தாவுவதும் முதல் வாசிப்பில் சிலரைத் தடுமாறச் செய்யலாம்.

சிங்காரத்தையும் பாண்டியனையும் ஒருவராகக் கொள்வது தவறு. பாண்டியன் திரும்பவில்லை. அவனைப் படைத்தவர் திரும்பி வந்து, நாற்பதாண்டுகள் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

மதுரையில்

1947-இல் மதுரை தினத்தந்தியில் சேர்ந்து 1987 வரை பணியாற்றினார். நகரின் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். இலக்கியக் கூட்டங்களில் அவரைக் காண முடியாது. நாவலை வெளியிடப் பட்ட பாடே மேற்கொண்டு எழுதும் ஊக்கத்தைக் குறைத்துவிட்டது. தமிழ்ப் பதிப்புலகம் இழந்தது எத்தனை நாவல் என்று கணக்கிட வழியில்லை. வாழ்நாள் சேமிப்பை மாணவர்களின் கல்விக்காக அளித்தார்.

'புயலிலே ஒரு தோணி' வெளிவந்த காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. விமர்சகர் சி. மோகன் போன்றோர் தொடர்ந்து எழுதிய பிறகே அது பேசப்பட்டது. ஆசிரியரின் மறைவுக்குப் பின் தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தபோது புதிய தலைமுறை வாசகர்கள் கிடைத்தார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் 'கடலுக்கு அப்பால்' நாவலிலிருந்து தொடங்குவது நல்லது. வட்டிக்கடையின் படிநிலைகளும் பேச்சுவழக்கும் அதில் நேர்வரிசையில் அறிமுகமாகின்றன. மாணிக்கத்தையும் அங்கேயே சந்தித்துவிடலாம்.